ஏழு கேள்விக்குறி, பிறகு நான்கு

மடிக்கணினித் திரையில் பச்சைக் கோடு கடைசி வரை போனது. ஓரத்தைத் தொட ஒரு நூல் அளவு பாக்கி இருக்கும்போது நின்றது. பிறகு போன வழியே பின்னால் வரத் தொடங்கியது.

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“இன்னாடி அது, ரிவர்ஸ்ல வருது?”

“மறுபடியும் ஏறலம்மா.”

“எத்தினி தபா ஆச்சு?”

“ஆறு.”

ஆறு இல்லை, ஒன்பது. அம்மாவுக்குக் குறைத்துச் சொன்னேன்.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் அது. எங்கள் தெரு முனையிலிருந்தே அரோகரா சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மலையில் எத்தனை தலையோ அத்தனை போன். எல்லாம் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும். அதனால் கம்பெனி ஒன்று எனக்குப் பரீட்சையாக அனுப்பிய கம்ப்யூட்டர் விளையாட்டை இறக்குவதற்கே காலையில் பாதி போய்விட்டது. திருத்தணியில் பரணியன்று எதையும் இறக்க முடியாது என்பது சென்னையில் இருக்கும் கம்பெனிக்கு எப்படித் தெரியும்?

மாலை நான்கு மணிக்குள் நான் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பினால் ஒருவேளை வேலை.

வேலை என்ன வேலை

இந்தத் தொடரில் சென்ற வாரம் எழுதியதைப் பாவா படித்துக் காட்டியபோது, “இவ இன்னா வேல பாக்கறான்னு யாருக்குமே புரியல, அத எழுத சொல்லு” என்றாளாம் அம்மா. எங்கள் பக்கம் அக்கா வீட்டுக்காரரைப் பாவா என்போம். கனகம்மாசத்திரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். இந்தத் தொடரை வாராவாரம் அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறவர் அவர்தான். நடுநடுவே தன் பங்குக்கு இரண்டு வரி சேர்த்தும் படிக்கிறார் என்று கேள்வி.

ஆகவே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் விளையாட்டை வாங்கியவர்களில் சிலருக்கு அது அவர்களுடைய இயந்திரத்தில் ஏறாது. ஏதோ ஒரு பிழை காட்டி நின்றுவிடும். அவர்கள் எரிச்சலோடு எழுதுவார்கள். எங்கே தடுக்கிறது என்று கண்டுபிடித்து, பொறுமையாகச் சொல்லி, ஏற்றிக் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம்.

பட்டம் வாங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரியையும் தாண்டியாயிற்று. தாண்டி வந்து அம்மாவோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திருவாலங்காட்டுப் பக்கம் நடவுக்குப் போகும் இடங்களில் எல்லாம் அம்மா, “எம்பொண்ணு கம்ப்யூட்டரயே சரி பண்ணும்” என்று சொல்லிவைத்திருந்தாள். நான்கு பெண்கள், “அப்போ வேலைக்கு இன்னும் போவலியா?” என்று கேட்டதை அவள் என்னிடம் சொல்லவில்லை. வேறு ஒருத்தி சொன்னாள்.

கம்பெனி வைத்த பரீட்சை எளிமையானது. விளையாட்டை அனுப்புவார்கள். அதில் வேண்டுமென்றே சில கோளாறுகளை வைத்திருப்பார்கள். எத்தனை என்று சொல்ல மாட்டார்கள். கண்டுபிடித்து, சரிசெய்து, விளையாட்டை ஓடவைத்து, கோளாறு, காரணம், தீர்வு என்று மூன்று கட்டங்களில் எழுதி அனுப்ப வேண்டும்.

விளையாட்டும் பெரிய சண்டை விளையாட்டு இல்லை. ஓர் இடையன். இருபது ஆடு. மழை வருவதற்குள் பட்டிக்கு ஓட்டிக்கொண்டு வர வேண்டும்.

“இதுக்கா ஆளு எடுக்கறாங்க?” என்றாள் அம்மா. “எட்டு வயசுல நா அதான பண்ணேன். ஒர்த்தன் கூப்டு வேல குடுத்தானா?”

மூன்று முடிச்சு சுலபம்

முதல் கோளாறு பத்து நிமிடத்தில் அகப்பட்டது. விளையாட்டு ஓடுவதற்குத் தேவையான ஒரு துணைக்கோப்பை எடுத்துவிட்டு அனுப்பியிருந்தார்கள். தேடி வைத்தேன்.

இரண்டாவது, எழுத அனுமதி இல்லாத இடத்தில் கொண்டுபோய் எழுதப் பார்த்தது. அனுமதி கொடுத்தேன்.

மூன்றாவது கொஞ்சம் குறும்பு. நான்கு துண்டாக வந்த கோப்பில் ஒரு துண்டு பழுது. அளவை ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கம்பெனியின் தளத்தில் இருந்த நல்ல துண்டை இறக்க, அந்த ஒற்றை டவரோடு ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றேன்.

அதன் பிறகுதான் இந்த ரிவர்ஸ்.

பிழைச் செய்தி என்று ஒன்றும் வரவில்லை. ‘எதிர்பாராத தடங்கல்’ என்று ஒரு பெட்டி, கீழே ‘சரி’ என்று ஒரு பொத்தான். என்ன சரி?

வைரஸ் காவலை நிறுத்திப் பார்த்தேன். வேறு டிரைவில் ஏற்றினேன். இடம் போதவில்லையோ என்று கல்லூரிப் படங்களை எல்லாம் பென்டிரைவுக்கு மாற்றினேன். இயந்திரத்தை அணைத்து ஆறவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தப் பச்சைக் கோடு கடைசி வரை ஆசை காட்டிவிட்டுத் திரும்பி வந்தது.

பாவா உள்ளே வந்தார். மறுநாள் பூக்காவடி எடுப்பதற்காக முந்தின நாளே வந்திருந்தார். மஞ்சள் வேட்டி, கழுத்தில் ருத்திராட்சம், நெற்றி நிறைய விபூதி. விரதம் வேறு. அந்தக் கோலத்தில் வாயைத் திறந்து அவர் சொன்ன வார்த்தை இது:

“ஃபார்மட் அட்ச்சிடு.”

“உங்க கடைக்கு வர எல்லா போனுக்கும் இதத்தான சொல்றீங்க பாவா.”

“சரியா ஆவுதா இல்லியா?”

“ஆவுது. அவங்க கல்யாண போட்டோவும் சேந்து பூடுது.”

“விரதத்துல கீறேன், கோவப்படக் கூடாதுன்னு பாக்கறேன்” என்று சொல்லிவிட்டுப் பாவா மோர் குடிக்கப் போனார்.

அம்மா தட்டிய எழுத்து

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அந்த மடிக்கணினி வீட்டுக்கு வந்தது. வேறொருவர் வைத்திருந்தது. அரக்கோணத்தில் வாங்கி, எல்லாவற்றையும் துடைத்துவிட்டு முதலிலிருந்து அமைத்தேன். அம்மா அதன் முதுகில் மஞ்சள் குங்குமம் வைத்தாள். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) எலுமிச்சம்பழத்தோடு வந்து, அதை எதன் கீழே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

இதைப் பயன்படுத்தப்போவது யார் என்று திரை கேட்டது. என் பெயரைத் தட்டப் போனேன்.

“இரு” என்றாள் அம்மா. “மொதல்ல சாமி பேரு. அப்புறம் உம்பேரு.”

அம்மாவுக்கு எழுதத் தெரிந்தது இரண்டே வார்த்தைகள். முருகன் துணை. கரும்பு ஆலைக்குப் போகும் டிராக்டர் டிரெய்லர்களின் பின்னால் எழுதியிருக்கும் அல்லவா, அதன் பின்னாலேயே நடந்து நடந்து கற்றுக்கொண்டது. ஒன்றாம் வகுப்பிலிருந்து என்னுடைய ஒவ்வொரு நோட்டின் முதல் பக்கத்திலும் அந்த இரண்டு வார்த்தைகளை அம்மாதான் எழுதுவாள். ரூல் போட்ட கோட்டில் நிற்காது. டிரெய்லரில் இருப்பது போலவே பெரிதாக, கொஞ்சம் சாய்ந்து இருக்கும்.

திரையில் தமிழ் விசைப்பலகையைத் திறந்துவிட்டேன். எந்தக் கட்டை என்று நான் காட்டினேன், அம்மா அம்பைக் கொண்டுபோய்த் தட்டினாள். ம ஒரு தட்டு. உகரத்துக்கு இன்னொரு தட்டு. ம நின்ற இடத்தில் மு வந்து நின்றதும் கையை எடுத்துவிட்டாள்.

“அதுவா மாறிடுச்சு.”

“நீதாம்மா மாத்தின. அடுத்தது தட்டு.”

நானும் கூடவே எண்ணினேன். ஏழு தட்டு, ஓர் இடைவெளி, நான்கு தட்டு. கடைசித் தட்டு முடிந்ததும் அவளுக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது.

நோட்டில் அது தலைப்பு வரி. கீழே என் பெயருக்கு இடம் இருக்கும். இங்கேயும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். அம்மா ஆசையாக ‘அடுத்து’ என்ற பொத்தானையும் தட்டினாள். கீழே கட்டமே வரவில்லை. கேட்டது ஒரு பெயர்தான். அது முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து அதைத் திறந்தால், ‘முருகன் துணை, நல்வரவு’ என்று வரும். பாவா பார்த்துவிட்டு, “சாமியவே லாகின் பண்ண வெச்சிட்டீங்க” என்றார். மாற்றிவிடலாம்தான். அம்மாவின் வேர்வை ஞாபகம் வரும், விட்டுவிடுவேன்.

ஒரு கோடு

இன்னும் கொஞ்சம் பின்னால்.

பத்தாவது பொதுத்தேர்வு, முதல் நாள். விடைத்தாளில் பெயரோ, சாமி பெயரோ, எந்த அடையாளமுமோ இருக்கக் கூடாது என்று வகுப்பில் பத்து தடவை சொல்லியிருந்தார்கள். தலையாட்டினேன். தாள் கைக்கு வந்ததும் விரல் தன் பாட்டுக்கு மேலே எழுதிவிட்டது. பத்து வருடப் பழக்கம். முருகன் துணை.

மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை என் மேசை அருகே நின்றார். சத்தம் போடவில்லை. “அடிச்சிடும்மா. கோடு ஒண்ணு போதும்” என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டு நகர்ந்தார். அவர் நல்லவர். வேறு யாராவது என்றால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

நான் ஒரு கோடு போட்டேன். ஸ்கேல் வைத்து, நேராக.

வாசலில் காத்திருந்த அம்மா, “மேல எழுதினியா?” என்று கேட்டாள். “ஆங், எழுதினேன்” என்றேன். அது பொய்யும் இல்லை.

கேள்விக்குறிகள்

மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. பத்தாவது முறையும் கோடு திரும்பி வந்துவிட்டது.

விளையாட்டை ஏற்றும் நிரல், தான் செய்த ஒவ்வொன்றையும் ஒரு கோப்பில் வரி வரியாகக் குறித்து வைக்கும். ஆயிரக்கணக்கில் வரி. காலையில் அதை மேலோட்டமாகப் பார்த்திருந்தேன். இப்போது கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி, விரலை வைத்துக்கொண்டு படித்தேன்.

ஒரு ஃபோல்டரைத் தேடிப் போயிருக்கிறது. கிடைக்கவில்லை. எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறது. அந்த ஃபோல்டரின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இப்படி இருந்தது:

??????? ????

காலையிலும் இதைப் பார்த்தேன். ‘ஏதோ தெரியாதது’ என்று இயந்திரம் சொல்கிறது போல என்று தாண்டிப் போய்விட்டேன்.

இப்போது எண்ணினேன். ஏழு. ஓர் இடைவெளி. நான்கு.

மறுபடி எண்ணினேன். அம்மாவின் விரல் தட்டிய சத்தம் காதுக்குள் கேட்டது.

இயந்திரத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஃபோல்டர் உண்டு. அவரவர் பெயரில் இருக்கும். எந்த டிரைவில் ஏற்றினாலும் கடைசிக் கட்டத்தில் அந்த ஃபோல்டருக்குள் கொஞ்ச நேரம் போய்வந்துதான் ஆக வேண்டும். இந்த நிரலுக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ம தெரியவில்லை, ஒரு கேள்விக்குறி. உகரம் தெரியவில்லை, ஒரு கேள்விக்குறி. கேள்விக்குறி என்ற பெயரில் ஃபோல்டரே கிடையாது. இல்லாத வீட்டைத் தேடிப் போனால் திரும்பித்தானே வர வேண்டும்.

சத்தமாகச் சிரித்துவிட்டேன். பாவா மோர்ச் சொம்போடு ஓடி வந்தார். சொன்னேன்.

“அடடா” என்றார் பாவா. “அத்தை எழுதினாங்களே, அதுவா மாட்டிகினு கீது?”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“நா எழுதினதாலயா ஓடல?”

“அப்டி இல்லம்மா.”

“காலைலேர்ந்து நீ படற பாடு என்னாலயா?”

பாவா, “அத்தை, அது வந்து...” என்று ஆரம்பித்து, முடிக்காமல் சொம்பை வாயில் கவிழ்த்துக்கொண்டார்.

“அழிச்சிடு” என்றாள் அம்மா. “சாமிக்கு இதால ஒண்ணும் கொறஞ்சிடாது. உனக்கு வேலதான் முக்கியம். நா இன்னாத்த கண்டேன், தெரியாத எடத்துல கைய வெச்சிட்டேன்.”

ஆய்ந்து வைத்த கீரையை அப்படியே போட்டுவிட்டுக் கொல்லைப் பக்கம் போய்விட்டாள்.

மூன்று கட்டம்

முதலில் என் சந்தேகம் சரிதானா என்று பார்க்க வேண்டும். அதே இயந்திரத்தில் ஆங்கிலத்தில் இன்னொரு கணக்குத் திறந்தேன். ‘டெஸ்ட்’ என்று பெயர் வைத்தேன். அதில் நுழைந்து விளையாட்டை ஏற்றினேன்.

பச்சைக் கோடு போனது. ஓரத்தைத் தொட்டது. திரும்பி வரவில்லை.

ஆட்டு மணிச் சத்தத்தோடு விளையாட்டு திறந்ததும் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டேன். காலையிலிருந்து அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

மணிச் சத்தம் கேட்டு அம்மா எட்டிப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது. ஆனால் ஆடு என்றதும் நிற்க முடியவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இன்னாடி இது, கடலைக்காட்டு ஓரமா போவுது, ஒரு வாய் வெக்காம நேரா போவுது?”

“விளையாட்டும்மா.”

“வெளையாட்டா இருந்தா? ஆடுன்னு சொன்னா ஆடாட்டம் போவ வேணாமா? நாய் போற மாதிரி போவுது.”

பிறகு கட்டங்களை நிரப்ப உட்கார்ந்தேன். முதல் மூன்று கோளாறுகள் மளமளவென்று வந்தன. நான்காவதில், காரணம் என்ற கட்டத்தில், இப்படி எழுதினேன்: ‘பயனரின் பெயர் ஆங்கிலத்தில் இல்லை.’ தீர்வு என்ற கட்டத்தில்: ‘பெயரை மாற்ற வேண்டும்.’

இணையத்தில் தேடினாலும் இதையேதான் சொல்கிறார்கள். சுருக்கமாக, சரியாக இருந்தது. அனுப்பும் பொத்தானில் அம்பும் நின்றது.

மணி மூன்றரை. மலையிலிருந்து இறங்கும் கூட்டமும் ஏறும் கூட்டமும் தெருவில் இடித்துக்கொண்டிருந்தன.

தட்ட முடியவில்லை. அந்த வரியைப் படிக்கும்போது ஸ்கேல் ஞாபகம் வந்தது. அன்றைக்கு விதி இருந்தது. நான் அதை மீறியிருந்தேன். கோடு போட்டது நியாயம். இன்றைக்கு என்ன விதி? உன் பெயர் என்ன என்று கேட்டார்கள். அம்மா பதில் சொன்னாள். இயந்திரம் அதை வாங்கிக்கொண்டு மூன்று வருடத்துக்கு மேல் ஒழுங்காக வேலை செய்தது. படிக்கத் தெரியாமல் திரும்பி வந்தது அம்மா இல்லை. அந்த நிரல்.

நாளைக்கே இந்த விளையாட்டை வாங்கும் ஒருவருக்கு நான் என்ன சொல்லப்போகிறேன்? உங்கள் பெயர்தான் கோளாறு என்றா?

அழித்துவிட்டு எழுதினேன். ‘காரணம்: தமிழில் பெயருள்ள ஃபோல்டரை இந்த நிரலுக்குப் படிக்கத் தெரியவில்லை. பயனர் பெயரில் தவறில்லை. தீர்வு: தற்காலிகமாக ஆங்கிலப் பெயரில் வேறு கணக்கு. நிரந்தரமாகச் சரிசெய்ய வேண்டியது உங்கள் பக்கம்.’

வேலை கேட்கிறவள் எழுதுகிற வரி இல்லை அது. தெரிந்துதான் எழுதினேன். கடைசியில் ‘பிற குறிப்புகள்’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. கடலைக்காட்டைத் தாண்டும் ஆடு குனிந்து மேயாமல் போகாது என்பதையும் அதில் போட்டேன். நான்கு மணிக்கு ஆறு நிமிடம் இருக்கும்போது அனுப்பினேன். கூட்டத்துக்கு நடுவே அது போய்ச் சேர ஐந்து நிமிடம் ஆனது.

போன்

கிருத்திகை முடிந்து, பாவா காவடி இறக்கி, முட்டிவலித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மூன்றாம் நாள் போன் வந்தது. பேசியது ஒரு பெண்மணி. அமைதியான குரல்.

“நாலாவதா ஒரு கோளாறு எழுதியிருந்தீங்க.”

“ஆமாங்க.”

“நாங்க வெச்சது மூணுதான்.”

அந்த நாலாவதுக்காகத்தான் ஒரு பகல் முழுக்கச் செத்தேன்.

“இங்க எல்லாரும் பேரை இங்கிலீஷ்லயே வெச்சிருக்கோம். அதனால யாருக்கும் தெரியவேயில்ல. நீங்க எழுதினதப் பாத்துட்டு முந்தாநேத்து தமிழ்ல ஒரு பேரு வெச்சு ஏத்திப் பாத்தோம். திரும்பி வருது.” நான் அனுப்பியதைப் பார்த்துப் படித்தார். “சரிசெய்ய வேண்டியது உங்கள் பக்கம்னு எழுதியிருந்தீங்க.”

“ஆமாங்க.”

“சரியாத்தான் எழுதியிருக்கீங்க. எப்ப சேர முடியும்?”

அதன் பிறகு அவர் சொன்ன எதுவும் முதல் தடவை காதில் விழவில்லை. ஒன்றைத் தவிர. “அந்த ஆடு விஷயம் யார் சொன்னது?” என்று கேட்டார். எங்கம்மா என்றேன்.

போனை வைத்ததும் அம்மா கேட்டாள். “இன்னா சொன்னாங்க? பேர மாத்தச் சொன்னாங்களா?”

“வேல குடுத்துட்டாங்கம்மா. அவங்க பக்கந்தான் தப்பாம். அவங்க மாத்திக்கறாங்களாம்.”

“பேரு?”

“பேரு அப்டியே இருக்கும்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பாவா தைலக் கையோடு எழுந்து, “நா அப்பவே சொன்னேன்” என்றார். அவர் அப்போது சொன்னது ஃபார்மட்.

ஒரு மாதம் கழித்துத் திருத்திய விளையாட்டு வந்தது. அப்போது நான் வேலையில் சேர்ந்திருந்தேன். ‘டெஸ்ட்’ கணக்கை நீக்கிவிட்டு, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பழைய கணக்கிலேயே ஏற்றினேன். பச்சைக் கோடு ஓரம் வரை போய் நின்றுகொண்டது. விளையாட்டுக்குள் கடலைக்காட்டு ஓரம் வந்ததும் ஒரு வெள்ளாடு குனிந்து வாய் வைத்தது. “ஆங்” என்றாள் அம்மா.

நான் அந்தக் குறிப்புக் கோப்பைத் திறந்து காட்டினேன். ஆயிரம் வரி ஆங்கிலம். நடுவில், கேள்விக்குறிகள் இருந்த இடத்தில், முருகன் துணை என்று இருந்தது. அம்மா திரையில் விரலை வைத்து அந்த இரண்டு வார்த்தைகளைப் படித்தாள். அடுத்து எங்கே வருகிறது என்று கேட்டாள். நான் கீழே நகர்த்த நகர்த்த, வரும் இடமெல்லாம் விரலை வைத்தாள்.

பத்தாவது பரீட்சையில் போட்ட கோட்டைப் பற்றி அவளிடம் இதுவரை சொல்லவில்லை. இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டும்போதுதான் தெரியப்போகிறது. பாவா, அந்த இடத்தில் நீங்களாக எதையும் சேர்க்காதீர்கள். மெதுவாகப் படியுங்கள். அதன் பிறகு நிறுத்தாமல், இந்தக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடுங்கள்.